கருப்பூர் யமன்பா

எங்கள் ஊர்ப் பெயர் கருப்பூர்.
தோண்டினால் வெள்ளைக்கல்.
ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா
புருவம்வரை வெள்ளை.
முக்கில் படுத்திருக்கும் நாய்
மோந்து பார்த்துத்தான் அவரை விடும்.

எனக்கு வேலை முதல் அக்ரஹாரத்தில், ஃபேன்சி ஸ்டோர்.
வாசலில் கிரீம் கவுன்ட்டர், அதில் சுகப்பிரியா.
நான் உள்ளே, ஹேர்பின், ரப்பர் பேண்டு பக்கம்.
"கிரீம் விக்கிற எடம் பாரும்மா" என்றார் முதலாளி,
மீதி வாக்கியத்தை
என் முகத்திடமே விட்டுவிட்டு.

மதியம், ஆள் வராத நேரம்,
ஃபோனில் அந்தப் பெண்களைப் பார்த்தேன்.
ஷிபுயா என்கிற இடம். நான் பிறப்பதற்கு முன்னால்.
காசு கொடுத்துக் கருத்தவர்கள்.
விளக்குப் பெட்டிக்குள் படுத்து,
சுட்ட அப்பளம்போல் புரண்டு படுத்து,
பத்தாது, இன்னும் என்று கேட்டுக் கருத்தவர்கள்.
கங்குரோ என்று பெயர்.
அதற்கும் ஒரு படி மேலே யமன்பா:
கண்ணைச் சுற்றி வெள்ளை, உதட்டில் வெள்ளை,
மூக்குத்தண்டில் ஒரு கோடு வெள்ளை,
வெள்ளிக்கம்பியாய் முடி.
மலையில் திரியும் கிழவிப் பேயின் பெயராம்.
யாரோ வைதிருக்கிறார்கள்;
இவர்கள் அதை எடுத்து உடுத்திக்கொண்டார்கள்.

நிலோஃபருக்கு ஹிமே, இளவரசி வகை.
தேன்கூடு மாதிரிக் கொண்டை, ரோஸ் லேஸ்,
சேலம் சந்தையில் பேரம் பேசிய முத்துச்சரம்.
எஸ்தர் கோகல்: ஸ்கூல் பாவாடை, தொளதொள சாக்ஸ்.
அந்த சாக்ஸுக்காகத் தன் பழைய ஏற்காடு ஹாஸ்டல் ஸ்வெட்டரின்
இரண்டு கைகளையும் வெட்டினாள்.
ஷிரோ என்று வெளுத்த வகை ஒன்றும் உண்டு.
அதைத்தான் சுகப்பிரியா
தினமும் டியூபில் விற்கிறாளே, வேண்டாம் என்றோம்.

எனக்கு விளக்குப் பெட்டி தேவைப்படவில்லை.
அந்தச் செலவை அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டார்கள்.
வெள்ளைதான் பாக்கி.
கொடியில் கிடந்த அப்பாவின் சட்டையைத் தட்டினேன்.
ஒரு கைப்பிடி விழுந்தது.
தேங்காயெண்ணெயில் குழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஏற்காடு பஸ்.
முன் சீட்டுக் குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டது.
"கூத்துக்காரங்களா? என்ன வேஷம்?"
கண்டக்டர் கேட்டார்.
"யமன்பா" என்றேன்.
"யமனா? அப்ப எருமைக்கும் சேத்து
நாலு டிக்கெட்டு."
பஸ் முழுக்கச் சிரித்தது. அழுத குழந்தையும்.

மலைக்கு இருபது கொண்டை ஊசி,
நிலோஃபர் தலையில் அறுபது,
எல்லாம் என் கவுன்ட்டர் சரக்கு.
ஒன்பதாவது வளைவில்
இளவரசி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
காலையில் தின்ற இட்லியைப் பள்ளத்தாக்குக்குக் கொடுத்தாள்.
கொண்டை அசையவில்லை.

ஏரிக்கரையில் செல்ஃபி கேட்டார்கள் சிலர்.
மாஸ்க் விலை எவ்வளவு என்றான் ஒரு பையன்,
தொட்டுப் பார்த்து,
தோல் என்று தெரிந்ததும் கையை உதறிக்கொண்டான்.
எனக்குச் சுருக்கென்றது.
பிறகு எஸ்தர் அவனைத் துரத்திய துரத்தலில்
ஒரு சாக்ஸ் கழன்று ஏரியில் விழுந்தது.

நாலு மணிக்கு மஞ்சு இறங்கியது.
படகு, மரம், பஜ்ஜிக் கடை, கண்டபடி எல்லோரும்
ஷிரோ ஆனார்கள்.
"எங்கடி இருக்கே?" என்று கத்தினேன்.
"உன்ன நோக்கித்தான் வந்துட்டிருக்கோம்,
நீ ஒருத்திதான் தெரியறே."

இரவு எட்டரை. வீட்டுக் குழாயடியில்
அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் குந்தி நானும் தேய்த்தேன்.
இரண்டு பேருடைய வெள்ளையும்
ஒரே கால்வாயில் கலங்கிப் போனது.
துண்டை நீட்டியவர்
என் கண்ணோரம் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்,
விரலால் வழித்து, விளக்கில் பார்த்தார்.
கல்லை அவருக்குத் தெரியாதா.

"உனக்கு எந்த ஷிஃப்டு?" என்றார்.